ராகு காலத்தில் ஒரு ரிசீவர்

வீட்டில் பழைய பொருள் ஒன்றை மாற்ற நினைப்பவன் வெளியே சொல்லக் கூடாத ரகசியம், அதைப் பற்றி மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறேன் என்பது. பொறுக்க முடியாமல் போய் வாங்கி வந்தவனுக்குக்கூட வீட்டில் மன்னிப்பு உண்டு. ஆராய்ச்சி செய்து வாங்கியவனுக்குக் கிடையாது. பொருள் சொதப்பினால், "ஆறு மாசம் படிச்சுக் கிழிச்சது இதுக்குத்தானா?" என்ற கேள்வி ஆயுள் முழுவதும் கூடவே வரும். எனக்கு வந்துகொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் இருந்தது. அப்பா கல்யாணமான புதிதில் மதுரையில் சொல்லிச் செய்து வாங்கியது. தேக்குப் பெட்டி, முன்னால் இரண்டு பெரிய குமிழ்கள். வயதாகிவிட்டதால் இடது ஸ்பீக்கர் பாட வேண்டுமென்றால் பெட்டியின் வலது பக்கம் ஓர் அடி கொடுக்க வேண்டும். அந்த அடியின் பக்குவம் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். (சின்ன வயதில் அதே பக்குவத்தை என்னிடமும் காட்டியிருக்கிறார். நான் இரண்டு பக்கமும் பாடினேன்.)

பாட்டு இல்லாத நேரத்திலும் அது சும்மா இருக்காது. 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருக்கும். என் தங்கை அபிராமியை ஒரு முறை பெண் பார்க்க வந்தவர்கள் அந்த முனகலைக் கேட்டுவிட்டு, உள்ளறையில் யாருக்கோ முடியவில்லை என்று நினைத்து, "ஆஸ்பத்திரியில காட்டுனீகளா?" என்று அம்மாவிடம் பரிவோடு விசாரித்தார்கள். அன்றைக்குத்தான் அப்பா ஆம்ப்ளிஃபயரை மாற்ற ஒப்புக்கொண்டார். அதற்குள் நான், ஆம்ப்ளிஃபயருக்குப் பதிலாக இப்போது வருகிற ஹோம் தியேட்டர் ரிசீவர்களைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்ட அனைத்தையும் படித்து முடித்திருந்தேன்.

மதுரைக் கடைக்கு அப்பாவும் கூட வந்தார். அதுதான் முதல் தவறு.

"எத்தனை சேனல் சார் பாக்குறீங்க?" என்றார் கடைக்காரர்.

"ஏழு புள்ளி ரெண்டு," என்றேன் கம்பீரமாக.

"அப்படின்னா என்னலே?" என்றார் அப்பா.

"ஏழு ஸ்பீக்கர், அதுபோக உறுமுறதுக்குன்னு தனியா ரெண்டு பெட்டிப்பா."

"நமக்குக் காது எத்தனை?"

ஆறு மாத ஆராய்ச்சியில் இந்தக் கேள்வி எங்கேயும் வரவில்லை. ஐந்து ஸ்பீக்கர், ஒரு உறுமல் பெட்டி என்று இறங்கி வந்தேன். கடைக்காரர் விடவில்லை. கூரையில் மாட்டுகிற ஸ்பீக்கர் இருக்கிறது, கேட்டுத்தான் பாருங்கள் என்று எங்களை இருட்டறைக்குள் உட்கார வைத்து மழைச் சத்தம் போட்டார். மழை நிஜமாகவே தலைக்கு மேல் கொட்டியது. எனக்குப் புல்லரித்தது. அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"தம்பி, நாங்க சிவகாசி. மழைச் சத்தம் கேட்டா எங்க ஊர்ல ஒருத்தனும் உக்காந்து ரசிக்க மாட்டான். வெயில்ல காயப் போட்டதை அள்ள ஓடுவான். அந்தப் பதற்றத்தை நான் காசு குடுத்து வேற வாங்கணுமா?"

கூரை ஸ்பீக்கரும் போயிற்று. ஆனால் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக நின்றேன். நான் தேர்ந்தெடுத்த ரிசீவருக்குத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளத் தெரியும். கூடவே ஒரு சின்ன மைக் கொடுப்பார்கள். அதை நாம் உட்காரும் இடத்தில் வைத்தால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சத்தம் எழுப்பி, எது எவ்வளவு தூரம், எது எவ்வளவு சத்தம் என்று அளந்துகொள்ளும். ஒரே நிபந்தனை, அளக்கும்போது அறையில் யாரும் மூச்சு விடக் கூடாது. (எங்கள் வீட்டில் மூச்சு விடாமல்கூட இருந்துவிடுவார்கள். பேசாமல் இருக்க மாட்டார்கள்.)

இந்த இடத்தில் அபியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவகாசியில் எங்களுக்கு ஒரு பிரஸ். பட்டாசுப் பெட்டி லேபிளும் காலண்டரும் அடிக்கிறோம். அப்பா முதலாளி, நான் கணக்குப் பார்ப்பதாகப் பேர், பிரஸ்ஸை உண்மையில் நடத்துகிறவள் அபி. லேபிளில் சிவப்பு ஒரு பொட்டு கூடினால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். கல்யாணத்துக்குப் பிறகும் பிரஸ்ஸுக்கு வருவேன் என்பது அவளுடைய ஒரே கோரிக்கை. அதிலேயே இரண்டு சம்பந்தம் தட்டிப் போயிருந்தது.

மூன்றாவதாக விருதுநகர் வரன் வந்தது. பையன் பெயர் சரவணன். போட்டோவைப் பார்த்ததும் அபி அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அதிலேயே எங்களுக்குப் புரிந்துவிட்டது. சிக்கல், பையனின் அப்பா தெய்வநாயகம் அண்ணாச்சி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர். நல்ல மனுஷர்தான், ஆனால் எதைக் கேட்டாலும் "அதுக்கென்ன, பார்த்துக்கிடலாம்" என்பார். எங்கள் பக்கத்தில் 'மாட்டேன்' என்பதை மரியாதையாகச் சொல்வது அப்படித்தான்.

"எனக்குப் பார்த்துக்கிடலாம் வேண்டாம்ணே," என்றாள் அபி. "சரின்னு அவரு வாயால சொல்லணும். இல்லைன்னா இந்த இடமும் வேண்டாம்னு சொல்லிருவேன்." சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. அவளுக்கு அந்த இடம் வேண்டும் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம், அது கழிந்துதான் வருவார்கள் என்பது என் கணக்கு. அந்த ஒன்றரை மணி நேரத்தில் ரிசீவரை அளந்து தயார் செய்துவிட்டால், விருந்தாளிகள் காபி குடிக்கும்போது ஐந்து பக்கமிருந்தும் நாதஸ்வரம் பொழியும். அம்மாவையும் அபியையும் அடுப்படிக்கு அனுப்பினேன். சோபாவுக்கு முன்னால் இருந்த சின்ன மேசையில் மூன்று காலண்டர் கட்டுகளை அடுக்கி, மேலே ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, அதன் தலையில் மைக்கை வைத்தேன். டிவி திரையில் பெரிதாக ஒரு மைக் படம் வந்தது. 'மைக்ரோஃபோன் கனெக்டட். கீப் சைலன்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

வாசலில் கார் நின்றது. மணி ஐந்து.

"ராகு காலத்துல கிளம்பக் கூடாதுல்லா, அதான் அதுக்கு முன்னாடியே கிளம்பிட்டோம்," என்று சிரித்தபடி அண்ணாச்சி உள்ளே வந்தார். பின்னால் அவர் மனைவி, சரவணன், பழத்தட்டுகள். கிளம்புவதற்குத்தான் ராகு காலம், வந்து சேர்வதற்கு இல்லை என்ற சட்ட நுணுக்கம் என் மண்டைக்கு எட்டாமல் போயிருந்தது.

"வாங்க அண்ணாச்சி, வாங்க மதினி, உக்காருங்க," என்று அப்பா பதறி வரவேற்றார்.

"உக்காருறோம். ஆனா ஆறு மணி வரைக்கும் நல்ல காரியம் எதுவும் பேச வேண்டாம். பொறுத்துப் பேசுவோம்," என்றார் அண்ணாச்சி. எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவர் உட்கார்ந்த இடத்தில் மைக் அவர் மூக்குக்கு நேராக நின்றது. யாரும் பேசவில்லை. கல்யாணப் பேச்சைத் தவிர வேறு பேசுவதற்கு இரண்டு வீட்டாருக்கும் ஒன்றுமில்லை. ஹாலில் மின்விசிறி மட்டும் ஓடியது.

அறிவுள்ளவன் மைக்கை எடுத்து உள்ளே வைத்திருப்பான். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவ்வளவு அமைதி எங்கள் வீட்டில் இனி எந்தக் காலத்தில் கிடைக்கும் என்று தோன்றியது. சத்தமில்லாமல் மின்விசிறியை நிறுத்தினேன். ரிமோட்டில் பொத்தானை அழுத்தினேன்.

முன்பக்க இடது ஸ்பீக்கர் 'விர்ர்ப்' என்று கத்தியது. அண்ணாச்சியின் தலை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது. வலது ஸ்பீக்கர் கத்தியது, தலை வலது பக்கம் போனது. அடுத்தது சோபாவுக்குப் பின்னால், அவர் பிடரிக்கு ஒரு சாண் தூரத்தில். அவர் பாதி எழுந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மூலையிலிருந்த உறுமல் பெட்டி 'டொம்ம்' என்றது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே அண்ணாச்சி செருப்பில்லாமல் தெருவில் நின்றார். கையில் போன். "ஏலே, கம்பெனியில எல்லாரும் நல்லா இருக்கீகளா?"

"இன்னைக்கு லீவுங்க முதலாளி. நானும் நாயும்தான் இருக்கோம்," என்ற வாட்ச்மேனின் குரல் தெருவுக்கே கேட்டது.

எனக்கு உடம்பு கூசிப்போனது. எங்கள் ஊரில் ஒரு சத்தம் கேட்டால் யாரும் என்ன சத்தம் என்று கேட்க மாட்டார்கள், எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். அதை மறந்து விளையாடியிருக்கிறேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் பழைய ஆம்ப்ளிஃபயர் ஞாபகம் வந்து நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

அண்ணாச்சி திரும்பி வந்து, ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு, டிவி திரையைப் படித்தார். பிறகு மைக்கைப் பார்த்தார்.

"தம்பி, இது என்னது?"

"அது ஒண்ணுமில்லை மாமா. ரூம்ல உள்ள சத்தத்தை எல்லாம் அளந்து மெமரியில வச்சுக்கிடும்."

"எல்லாத்தையுமா?"

"சின்ன இருமலைக்கூட விடாது. ஆறு இடத்துல வச்சு அளக்கணும், இப்பத்தான் ஒண்ணு முடிஞ்சிருக்கு."

"எம்புட்டு நாளைக்கு வச்சுக்கிடும்?"

"நாமளா அழிக்கிற வரைக்கும் இருக்கும் மாமா," என்றேன் பெருமையாக.

அண்ணாச்சி மெதுவாகச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அந்த ஹாலில் நடந்ததை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. எல்லோரும் புத்தகத் தமிழுக்கு மாறிவிட்டார்கள். அண்ணாச்சியின் மனைவி, அடுப்படியிலிருந்து வந்து நின்ற அம்மாவிடம், "அருந்துவதற்கு நீர் கிடைக்குமா?" என்று கேட்டார். என் அம்மா, "இதோ கொண்டுவருகிறேன்," என்றாள். (அம்மா வாழ்க்கையில் 'இதோ' என்று சொன்னது அன்று ஒரு நாள்தான்.) அவர்கள் இதை ரெக்கார்டர் என்று நினைத்துவிட்டார்கள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

ஆறு மணிக்கு அபி காபித் தட்டோடு வந்தாள். டிவியைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள், அண்ணாச்சியின் கழுத்துப் பொத்தானைப் பார்த்தாள். நான் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"காபி ஆறிப்போகும், குடிங்கண்ணே," என்று டம்ளரை என் வாய்க்கு நேராக நீட்டினாள். பிறகு தட்டு வைக்க இடம் பண்ணுகிறவளாக, காலண்டர் கட்டுகளை அப்படியே அண்ணாச்சிப் பக்கம் ஒரு சாண் நகர்த்தினாள்.

"மாமா, கல்யாணத்துக்குப் பொறவு நான் பிரஸ்ஸுக்கு வர்றதைப் பத்தி என்ன நெனைக்கீக?"

அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். "அதுக்கென்னம்மா, பார்த்து..." என்று ஆரம்பித்தவர் மைக்கைக் கண்டதும் நிறுத்தினார்.

அதுவரை வாயே திறக்காத சரவணன் பக்கவாட்டில் சாய்ந்து, "அப்பா, கொஞ்சம் தெளிவாச் சொல்லுங்க. மைக்குல விழணும்ல," என்றான். பாவம், இவனும் நம்பிவிட்டானே என்று நினைத்தேன்.

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்து மைக்கைப் பார்த்துச் சொன்னார்: "விருதுநகர் தெய்வநாயகம் ஆகிய நான் கூறுவது. திருமணத்துக்குப் பிறகும் அபிராமி தனது தகப்பனார் அச்சகத்தில் தொடர்ந்து பணியாற்றுவதில் எனக்கும் என் குடும்பத்தாருக்கும் முழுச் சம்மதம். நன்றி." சொல்லி முடித்துவிட்டு என்னிடம், "விழுந்துச்சா தம்பி?" என்று கேட்டார்.

"விழுந்துச்சு மாமா," என்றேன். வேறு என்ன சொல்ல?

கல்யாணம் நடந்தது. மறுவீட்டுக்கு வந்த சரவணன், ரிசீவர் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, மைக்கைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"மச்சான், இதை டம்ளர் மேல வச்சா அளவு தப்பாக் காட்டும். என் ஸ்டாண்டைக் கொண்டாந்து தர்றேன்."

"ஸ்டாண்டா? உங்ககிட்ட ஏது?"

"என் ரூம்லயும் ரிசீவர் இருக்கே. உள்ள வந்ததுமே பாத்துட்டேன். அஞ்சு புள்ளி ஒண்ணுதானா, ஏழு எடுக்கலையா?"

அப்படியென்றால் அது ரெக்கார்டர் இல்லை என்று தெரிந்துதான் அன்றைக்கு அவன் அப்பாவைத் தெளிவாகச் சொல்லச் சொல்லியிருக்கிறான். அபி அடுப்படி வாசலில் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது அப்போதுதான் தெரிந்தது. அவள் முகத்தில் அன்று வந்த சிரிப்புக்கு நான் இன்னும் பத்து முறை அவமானப்படத் தயார்.

பழைய ஆம்ப்ளிஃபயர் இப்போது பிரஸ்ஸில் அப்பாவின் அறையில், அவர் கைக்கு எட்டும் தூரத்தில் முனகிக்கொண்டிருக்கிறது. என் ரிசீவர் அளப்பதை ஆரம்பத்திலேயே விட்டுவிட்டதால், எந்தப் படம் போட்டாலும் கதாநாயகன் எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்துதான் பேசுகிறான். திரும்ப அளக்கலாம் என்றால் மைக் இல்லை. மறுவீடு முடிந்து கிளம்பும்போது சீர்வரிசையோடு சேர்த்து அபி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விருதுநகர் வீட்டு ஹாலில், கண்ணாடி அலமாரியில், அது கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர் மேல் நிற்கிறது. அண்ணாச்சி எப்போதாவது, "என்னம்மா, தெனமும் பிரஸ்ஸுக்குப் போகணுமா? சீசன் முடியட்டும், பார்த்துக்கிடலாம்," என்று இழுத்தால், அபி அலமாரியைத் திறந்து, முந்தானையால் மைக்கைத் துடைப்பாளாம். அவர் உடனே கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "சென்று வா, அம்மா," என்பாராம்.