நானூறு குழிகளும் ஒரு நாற்காலியும்

அக்டோபர் முதல் தேதி காலை, காபிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி டெல்மர் ஒரு மகத்தான வைராக்கியம் பூண்டான். இந்த வருஷமும் ஏணியில் ஏறுவதில்லை.

அமெரிக்காவின் மொன்டானாவில் பனி யாரையும் கேட்டுக்கொண்டு விழுவதில்லை. அது விழுவதற்கு முன் கூரை ஓரத்துத் தகரக் கால்வாயில் அடைத்துக் கிடக்கும் இலைகளை வாரியாக வேண்டும். வாராவிட்டால் அங்கே தண்ணீர் தேங்கி, உறைந்து, கூரைக்குள் புகுந்து, வீட்டுக்குள் சொட்டும். போன குளிர்காலம் சரியாக மனைவி வெல்டாவின் அடுப்புக்கு மேலேயே சொட்டியது. மூன்று மாதம் அவள் ஒரு கையில் கரண்டியும் இன்னொரு கையில் வாளியுமாகச் சமைத்தாள். இந்த வருஷம் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டாள். கால்வாய், குளிருக்கு மாட்டும் இரட்டை ஜன்னல், விறகு. மூன்றே மூன்று வேலை.

டெல்மர் மாவட்டச் சாலைகளில் பனி வாரும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். ஊருக்கெல்லாம் வாரியவன் சொந்த வாசலில் ஒரு கரண்டி பனி வாரியதாகச் சரித்திரம் இல்லை. சீட்டை அவன் தினமும் பார்ப்பான், பெருமூச்சு விடுவான், "குழி இருக்கே வெல்டா, குழி!" என்று சொல்லிவிட்டு நிலவறைக்கு இறங்கிவிடுவான்.

அந்தக் குழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் பாதி ஆண்கள் தோட்டாவை வீட்டிலேயே தயார் செய்பவர்கள். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, புது மருந்து போட்டு, புதுக் குண்டு பொருத்தி, மறுபடி சுடுவார்கள். கூட்டின் அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு குழி. துப்பாக்கி ஊசி தட்டியதும் பொறி கிளப்புகிற பிரைமர் என்ற குட்டி மூடி அதில்தான் உட்காரும். சுட்ட பிறகு அந்தக் குழியில் கொஞ்சம் கரி படியும். சிலர் சுரண்டிவிட்டுப் புது பிரைமர் வைப்பார்கள், சிலர் சுரண்டாமலே வைப்பார்கள். சுரண்டினால் குறி தப்பாதா, சுரண்டாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று துப்பாக்கிக் கிளப்பில் முப்பது வருஷமாகச் சண்டை நடக்கிறது.

டெல்மர் சுரண்டல் கட்சியின் தலைவன், தொண்டன், கொள்கை பரப்புச் செயலாளர் எல்லாம். காரணம் இருந்தது. வருஷா வருஷம் நவம்பர் முதல் சனிக்கிழமை கிளப்பில் வான்கோழிப் போட்டி. வான்கோழியை யாரும் சுடுவதில்லை. அது ஏற்கெனவே செத்து, உறைந்து, பரிசு மேஜையில் கிடக்கும். இருநூறு கஜத்தில் நிறுத்திய அட்டையைச் சுட வேண்டும், ஐந்து தோட்டா, ஐம்பது மதிப்பெண். பதினோரு வருஷமாக டெல்மர் போட்டியிட்டு பதினோரு வருஷமாகத் தோற்றவன். முதல் வருஷம் காற்று சரியில்லை. இரண்டாம் வருஷம் வெயில் சரியில்லை. மூன்றாம் வருஷம் பக்கத்தில் ஒருவன் தும்மினான். பழி போட இயற்கையில் வேறு எதுவும் மிச்சமில்லாதபோதுதான் அவன் கரியைக் கண்டுபிடித்தான்.

ஆகவே நானூறு கூடு, நானூறு குழி. குட்டிக் கம்பி பிரஷ்ஷை விட்டு வலப்பக்கம் நாலு சுற்று, இடப்பக்கம் மூன்று சுற்று, ஒரு ஊதல், பூதக்கண்ணாடியில் ஒரு பார்வை. இப்படி, கை வைக்கிற நாளில் ஆறு கூடு முடிப்பான். மிச்ச நேரத்துக்கு நிலவறையில் ஒரு பழுப்பு நிறச் சாய்வு நாற்காலி, ரேடியோவில் கால்பந்து வர்ணனை, டப்பா நிறைய வேர்க்கடலை. அந்த நாற்காலியில்தான் டெல்மரின் உயிர் இருந்தது. கரி எல்லாம் அதற்கு ஒரு சாக்கு. இதை அவன் தன்னிடமே ஒப்புக்கொண்டதில்லை.

அக்டோபர் பாதியில், பக்கத்து வீட்டு ஹால்வர் காபி குடிக்க வந்திருந்தபோது வெல்டா ஆரம்பித்தாள்.

"எத்தன குழி ஆச்சு, டெல்மர்?"

"இருபத்தஞ்சு."

"பாக்கி முந்நூத்தி எழுபத்தஞ்சு. ஒரு நாளைக்கு ஆறு. கணக்குப் பாத்தா பனி விழுந்து ஒரு மாசம் கழிச்சு ஏணிய எடுப்ப."

"இது நுணுக்கமான வேலை வெல்டா. அவசரப்பட முடியாது. ஹால்வர், நீயே சொல்லு."

ஹால்வர் சுரண்டாத கட்சி. கேக்கை மென்றுகொண்டே, "நான் எதுவும் சொல்லல. கேக் நல்லாருக்கு" என்றான்.

"சரி, பாதிய நான் பண்றேன். இருநூறு எனக்கு, இருநூறு உனக்கு" என்றாள் வெல்டா.

"நீயா? இதுக்கெல்லாம் கை பழகணும்மா. விரல்ல உணர்ச்சி வேணும்."

"முப்பது வருஷமா உன் சட்டைக்குப் பட்டன் தைக்கறேன். அந்த விரல் போதும். பந்தயம் வச்சுக்கலாமா? போட்டியில நீ ரெண்டு அட்டை வாங்கு. ஒண்ண உன் கூட்டுல சுடு, ஒண்ண என் கூட்டுல சுடு. உன்னோடது ஜெயிச்சா ஏணியப் பத்தி சாகற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன். ஆள் வச்சுப் பாத்துக்கறேன். என்னோடது உனக்குச் சமமாவோ மேலயோ வந்தா, அன்னிக்கு மத்தியானமே நீ ஏணியில. குழி வேலையும் இனிமே என்னோடது."

டெல்மருக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. இருநூறு குழி! இரண்டு நாளில் விரல் வீங்கி, அழுதுகொண்டு வந்து நிற்பாள். அப்புறம் குழி என்ற சொல்லையே மரியாதையாக உச்சரிப்பாள். ஹால்வரைச் சாட்சி வைத்துக் கை குலுக்கினான்.

இரண்டு வாரம் வெல்டா அந்தக் கூடுகளைத் தொடவில்லை. டெல்மர் மனதுக்குள் சிரித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து கிடந்தான். போட்டிக்கு முந்தைய திங்கட்கிழமை காலை, ஆற்றங்கரையில் பொறுக்கிய கற்களை மெருகேற்ற அவள் வைத்திருக்கும் சுழல் உருளையை எடுத்தாள். அதில் இருநூறு கூடு, ஒரு கிண்ணம் குட்டிக் குட்டி எஃகு ஊசி, பாத்திரம் தேய்க்கும் சோப்பு, ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு, தண்ணீர் எல்லாம் போட்டு மூடி, விசையைத் தட்டினாள். பிறகு ஆப்பிள் பை செய்யப் போய்விட்டாள். பை வெந்து ஆறி ஒரு துண்டு வெட்டிச் சாப்பிடுவதற்குள் கூடும் தயார். செவ்வாய்க்கிழமை காலை உலர்த்தி, நீல டப்பாவில் போட்டு, டெல்மரின் கையில் கொடுத்தாள்.

டெல்மர் நிலவறையில் பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தான். ஒவ்வொரு குழியும் கல்யாண மோதிரம் போல மின்னியது. அவன் சுரண்டியதோ முப்பத்தொன்று, அதிலும் ஓரத்தில் கரி இருந்தது. ஏணியின் படிகள் கண் முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை உதித்தது. யோசனை என்றால் டெல்மருக்கு வருஷத்துக்கு ஒன்று உதிக்கும், அதுவும் இந்த லட்சணத்தில்தான் இருக்கும். குழி என்பது பிரைமர் வைத்ததும் மறைந்துவிடுகிற இடம். அதற்கப்புறம் உள்ளே கரியா கண்ணாடியா என்று யாருக்குத் தெரியும்? வெளிப்பக்கம் துணியால் துடைத்தால் எல்லாக் கூடும் ஒரே பளபளப்பு. ஆகவே நீல டப்பாவைச் சடசடவென்று மேஜையில் கொட்டினான். தன் சிவப்பு டப்பாவையும் கொட்டினான். வெல்டாவின் சுத்தமான கூடுகளைச் சிவப்பில் அள்ளினான். தன் கரிக் கூடுகளை நீலத்தில் தள்ளினான். தான் பாடுபட்டுச் சுரண்டிய முப்பத்தொன்றை மட்டும் ஞாபகமாகத் தனியே எடுத்து வைத்துக்கொண்டான். உழைப்பை வீணாக்க அவனுக்கு மனம் வரவில்லை.

மனைவியின் உழைப்பால் வெற்றி, தன் அழுக்கால் மனைவிக்குத் தோல்வி. ஒரே நாளில் வான்கோழியும் நாற்காலியும் தனக்கே. டப்பாவுக்கு ஐந்து கூடு எடுத்துப் பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து முடித்துவிட்டு, டெல்மர் வேர்க்கடலை தின்றான், ரேடியோவைத் திருகினான், வாய் திறந்தபடி தூங்கினான்.

சனிக்கிழமை வானம் சாம்பல் நிறத்தில் கனத்துக் கிடந்தது. கிளப் கொட்டகையில் பெண்கள் சூடான பீன்ஸ் சூப் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வெல்டாவும் அங்கேதான் இருந்தாள்.

முதலில் சிவப்பு டப்பா. டெல்மர் கன்னத்தைத் துப்பாக்கியில் பதித்தான். பதினோரு வருஷத்துப் பெருமை முழுவதும் அவன் தோளில் வந்து உட்கார்ந்தது. மூச்சைப் பிடித்தான், விட்டான், மறுபடி பிடித்தான். குறியை நகர்த்தினான், திரும்ப நகர்த்தினான். ஐந்தும் சுட்டு முடித்தபோது நாற்பத்திரண்டு.

பரவாயில்லை, அவளுடையது முப்பதைத் தாண்டாது என்று தேற்றிக்கொண்டு நீல டப்பாவைத் திறந்தான். இதில் தோற்கத்தான் போகிறோம் என்பதால் மனசில் எந்தக் கவலையும் இல்லை. சூப் வாசனை வேறு வந்தது. மூச்சைக்கூடப் பிடிக்காமல், மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டே ஐந்தையும் சுட்டுத் தள்ளினான்.

நடுவர் அட்டையை இரண்டு தரம் எண்ணினார். நாற்பத்தொன்பது. கிளப்பில் ஐந்து வருஷமாக யாரும் எடுக்காத எண். வான்கோழியை டெல்மரின் கையில் திணித்தார்கள். அது கல்லாகக் கனத்தது. கை தட்டியவர்களோ அவனைப் பார்த்துத் தட்டவில்லை.

"நீல டப்பா! வெல்டா சுத்தம் பண்ணுன கூடு!" என்று ஹால்வர் கத்தினான். பந்தய விஷயத்தை ஊர் முழுக்க அவன் எப்போதோ பரப்பியிருந்தான்.

மத்தியானம் இரண்டு மணிக்கு டெல்மர் ஏணியில் இருந்தான். பின்பக்கக் கால்வாயில் ஒரு மணி நேரம் அழுகல் இலை வாரிவிட்டு முன்பக்கம் ஏணியை மாற்றி ஏறியபோது, விரல் மரத்துப்போய் மூக்கு ஒழுகியது. கீழே வெல்டா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஹால்வர் கையில் ஒரு பையோடு வந்து நின்றான்.

"வெல்டா, இதுல என் கூடு நூறு இருக்கு. உங்க கை பட்டா தோட்டா தானாப் போய் நடுவுல உக்காருதே! எனக்கும் கொஞ்சம் பண்ணிக் குடுங்க. கிளப் பலகையில கூட உங்க பேரத்தான் எழுதப் போறாங்களாம்."

ஏணி மேலே டெல்மருக்குக் காது சிவந்தது. "சுட்டது நான்!"

"சுட்டது நீதான், யாரு இல்லேன்னாங்க? பதினோரு வருஷமா சுட்டதும் நீதானே?"

டெல்மர் அதோடு வாயை மூடியிருக்கலாம். வாயை மூடத் தெரிந்தவனாக இருந்தால் அவன் டெல்மராகவே இருந்திருக்க மாட்டான்.

"யோவ், அந்த நீல டப்பாவுல இருந்தது இவ சுத்தம் பண்ணுன கூடே இல்ல! என்னோடது! நான் மாத்தி வச்சேன்! சுரண்டாத குழி! கரியோட சுட்டேன்யா, கரியோட நாப்பத்தொம்பது!"

அவன் கையுறையிலிருந்து ஒரு ஈர இலை நழுவி ஹால்வரின் தொப்பியில் விழுந்தது.

வெல்டா நிமிர்ந்து பார்த்தாள். "கரியோடவா?"

"கரியோட!"

"அப்போ குழிய சுத்தம் பண்ணாட்டியும் ஒண்ணும் ஆகாதா?"

"ஒரு மண்ணும் ஆகாது! சுடத் தெரிஞ்சவனுக்குக் கரியெல்லாம் ஒரு..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நின்றான். தன் வாயால் தானே எதைப் புதைத்தோம் என்பது படிப்படியாக இறங்கி அவன் மூளைக்குப் போய்ச் சேர்ந்தது. "அதாவது... சில சமயம் ஆகாது. காத்து, வெயில் எல்லாம் பொறுத்து..."

"ஹால்வர், கேட்டீங்கல்ல?"

"நல்லாவே கேட்டேன்."

டெல்மர் பார்வையைத் திருப்பினான். தெருவில் ஹால்வரின் பிக்கப் வண்டி நின்றது. அதன் பின்பக்கத்தில், தார்ப்பாய்க்குக் கீழே, பழுப்பு நிறத்தில் ஒரு கைப்பிடி துருத்திக்கொண்டு தெரிந்தது. அந்தக் கைப்பிடியில் கடலைத் தோல் ஒட்டியிருப்பது ஏணி உச்சியிலிருந்தே தெரிந்தது.

"அது என் நாற்காலி!" என்று அலறினான்.

"நீ பின்பக்கம் இருந்தப்போ ஹால்வரும் அவரு மச்சானும் தூக்கி வச்சாங்க. குழி வேலையே இல்லேன்னா நிலவறையில நாற்காலி எதுக்கு?" என்றாள் வெல்டா.

"சுத்தம் வேணாம்னு நான் இப்பத்தானே சொன்னேன்! அதுக்கு முந்தியே எப்படி வண்டியில ஏறுச்சு?"

"அடுப்படித் தரையில சூடு வர்ற கம்பி வலை இருக்கே, அதுல நிலவறைச் சத்தம் பூரா மேல வரும். உன் குறட்டைய அதுலதான் வருஷக்கணக்கா கேட்டுட்டிருக்கேன். செவ்வாய்க்கிழமை இருநூறு கூடு கொட்டற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல இன்னொரு தடவ. ஒரு நாளைக்கு ஆறு கூடு தொடறவன் எதுக்குடா ரெண்டு டப்பாவக் கொட்டறான்னு யோசிச்சேன். புரிஞ்சுபோச்சு."

"புரிஞ்சுமா பேசாம இருந்தே?"

"ஏன் பேசணும்? சிவப்பு ஜெயிச்சா நான் சுத்தம் பண்ணுனது ஜெயிச்ச மாதிரி. நீலம் ஜெயிச்சா சுத்தமே தேவையில்ல. எது ஜெயிச்சாலும் நீ கீழ உக்கார வேண்டிய வேலை கிடையாது. அன்னிக்கு சாயந்தரமே நாற்காலிய ஹால்வருக்குக் குடுத்துட்டேன்."

"செவ்வாய்க்கிழமையா? நேத்து மத்தியானம் கூட நான் அதுலதானே படுத்திருந்தேன்!"

ஹால்வர் தொப்பியிலிருந்த இலையை எடுத்துப் போட்டுவிட்டு, பெருந்தன்மையாகக் கையை ஆட்டினான்.

"பரவால்ல விடு, டெல்மர். நாலு நாளா என் நாற்காலியிலதான் தூங்கிட்டிருந்தே. நான் ஒரு வார்த்த கேட்டனா?"