டக்கெட் பூட்டிய கேட்

ஆம்புரோஸ் டக்கெட் விடிந்ததும் தன் வயல் கேட்டைப் பூட்டினார். சாவியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, கணுக்கால் அளவு சேற்றில் காவல் நின்றார்.

ஊர்த் தெருவிலிருந்து அவர் வயலின் குறுக்கே நடந்தால் சர்ச் பத்து நிமிடம்தான். சாலை வழி என்றால் முக்கால் மணி. இருபது வருடம் தடையில்லாமல் நடந்துவிட்டால் பாதை ஊருக்குச் சொந்தம் என்பது சட்டம். அதனால் அவருடைய அப்பா வருடத்துக்கு ஒருநாள் கேட்டைப் பூட்டி, வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவார். அப்பா போனபிறகு டக்கெட் அதை மறந்தே போனார். மாட்டுக்கொட்டகையையும் கட்டிலையும் விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது.

அப்பா கடைசியாகப் பூட்டி நாளையோடு இருபது வருடம் முடிகிறது. இன்று ஒருவரையாவது மறிக்காவிட்டால் அப்பாவின் நிலம் போச்சு.

நல்லவேளை, இன்று அறுவடை ஞாயிறு. ஊரே விளைச்சலைப் படைக்கச் சர்ச்சுக்குப் போகும்.

எட்டரை ஆயிற்று. ஒரு காக்கை கூட வரவில்லை.

கைபேசி அலறியது. மனைவி ஹெஸ்டர்.

"புது நாய்க்குட்டி குரைச்சே உயிரை வாங்குதுங்க!"

"எதைப் பாத்துக் குரைக்குது?"

"ஞாயித்துக்கிழமைன்னா குரைக்கும். வந்து கூட்டிட்டுப் போங்க."

"நகர மாட்டேன். இங்க கொண்டாந்து கட்டு."

ஹெஸ்டர் வந்து கட்டிவிட்டுப் போனாள். குட்டி தெருவைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. அதைப் பார்த்தே ஆட்கள் பயந்து திரும்பிவிட்டால் யாரை மறிப்பது? அதன் வாயில் ரொட்டித் துண்டைத் திணித்தார். 'வழி இல்லை' என்று பலகை எழுதி மாட்டினார். அதைத் தூரத்திலேயே படித்துவிட்டால்? பிடுங்கிச் சேற்றில் எறிந்தார்.

வயலுக்கு அந்தப் பக்கம் சர்ச் வாசலில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. பூசணிக்காயை இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்காமல் வந்து நின்றார் பர்சிவல் கிழவர். அத்தனை பேரும் சாலையைச் சுற்றியா போகிறார்கள்? சர்ச் மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம்தான்.

தெருவில் தபால்காரி டோரீன், அறுவடைப் படையலுக்கான பெரிய ரொட்டியைச் சுமந்துகொண்டு வந்தாள்.

"டோரீன்! இங்க வா!"

"என்ன அண்ணே, இப்படி வேர்த்து நிக்கிறீங்க?"

"கேட்டைத் திறக்கச் சொல்லு. நான் முடியாதும்பேன்."

"முடியாதுன்னா நான் ஏன் கேக்கணும்?"

"கேளேம்மா! உனக்குப் புண்ணியமாப் போகும்!"

"சரி, திறங்க."

"முடியாது! திரும்பிப் போ!"

சொல்லும்போதே டக்கெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். 'என்னை மறித்தார்' என்று எழுதி டோரீன் கையெழுத்துப் போட்டாள்.

"பொழச்சேன்! இனி எவனும் என் நிலத்துல வழி கேக்க முடியாது. என் அப்பன் ஆத்மா இன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கும்!"

டோரீன் ரொட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு அவர் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"அங்க எங்க போற?"

"சர்ச்சுக்குத்தான். இந்தச் சேத்துல எவன் அண்ணே நடப்பான்? இருபத்திரண்டு வருஷமா ஊரே உங்க அடுக்களைக்குப் பின்னால வேலிச் சந்து வழியாத்தான் போகுது. ஏறி இறங்கப் படிக்கல்லு போட்டுக் குடுத்ததே நம்ம ஹெஸ்டர் அக்காதான்!"