இரவல் வாய்

குடையை இரவல் கொடுக்க யோசிப்பவர்கள் உண்டு. சைக்கிளை இரவல் கொடுத்தால் காற்றுப் போய்த்தான் திரும்பி வரும் என்று பயப்படுபவர்களும் உண்டு. ஆனால் யாரும் கேட்காமலே வந்து தன் வாயை இரவல் கொடுத்துவிட்டுப் போகிற ஓரினம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் செழிப்பாக வளர்ந்து வருகிறது. ஆசுபத்திரியில் வைத்தியர் நோயாளியைப் பார்த்து "எங்கை நோகுது?" என்று கேட்கும்போது, "அவருக்கு முதுகு ஐயா, மூண்டு நாளா" என்று பின்னால் நின்று பதில் சொல்பவர் இந்த இனம். வங்கியில், பஸ்ஸில், பள்ளிக்கூட அதிபரின் அறையில், கலியாணப் பேச்சில், எங்கெல்லாம் ஒருவரைப் பார்த்துக் கேள்வி கேட்கப்படுகிறதோ, அங்கெல்லாம் பக்கத்தில் இன்னொருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்பார். அந்தச் செருமலைக் கேட்டீர்களென்றால் தெரிந்துகொள்ளுங்கள், இரவல் வாய் திறக்கப் போகிறது.

இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒன்று சுன்னாகத்துக்கு வடக்கே, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே வசிக்கிறது. பெயர் குகதாசன். ஓய்வுபெற்ற தபால் அதிபர், வயது அறுபத்தெட்டு. முப்பது வருடம் கருமபீடத்துக்கு உட்பக்கத்தில் இருந்தவர். மற்றவர்கள் நிரப்பும் படிவத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாக வாசிக்கும் வித்தை அங்கே கைவந்தது. ஓய்வூதியம் வந்த பிறகும் அது போகவில்லை. ஊரில் யாராவது கந்தோர் ஒன்றுக்குப் போகிறார்கள் என்று அறிந்தால், வெள்ளைச் சேட்டுப் போட்டு, பையில் இரண்டு நிறப் பேனா குத்தி, வெறும் காகிதக் கோவையொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலில், படலையடியில் வந்து நிற்பார். கோவைக்குள் ஒன்றும் இருக்காது. கோவை இருந்தால்தான் கதிரை தருவார்கள் என்பது அவருடைய அனுபவம்.

அவருடைய வாயைப் பலர் இரவல் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இரண்டு வீடு தள்ளியிருக்கும் சுவர்ணாவைப் பற்றித்தான். சுவர்ணாவுக்குப் பிறப்பிலேயே காது கேளாது. வயது முப்பத்தாறு. தாயும் போனபிறகு தனியே இருந்து தையல் தைத்துச் சீவிக்கிறாள். காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் சாதாரணதரப் பரீட்சை வரை படித்தவள். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். இதெல்லாம் குகதாசனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் மறந்துவிட்டார். அவர் கணக்கில் சுவர்ணாவிடம் இல்லாதது பேச்சு, தன்னிடம் மிஞ்சிக் கிடப்பது பேச்சு, ஆகவே இருவரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள்.

அவளோடு அவர் உரையாடும் முறையையும் சொல்லத்தான் வேண்டும். முதலில் கத்துவார். கேளாது என்று தெரிந்தும் கத்துவார். பக்கத்து வளவு மாடுகள் திரும்பிப் பார்க்கும். பிறகு சைகைக்கு வருவார். அவருடைய சைகை மொழியில் மொத்தம் மூன்றே சொற்கள். உள்ளங்கையைக் காட்டினால் 'பொறு'. விரலை மடக்கினால் 'வா'. பெருவிரலை உயர்த்தினால் 'எல்லாம் சரி'. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு மனுசியின் முழு வாழ்க்கையையும் நடத்திவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. சுவர்ணாவும் சும்மா இருக்கவில்லை. தன் பள்ளித் தோழிகளோடு கைபேசியில் முகம் பார்த்துச் சைகையில் கதைக்கும்போது குகதாசனுக்கென்று ஒரு பெயர் வைத்திருந்தாள்: வாயருகே கையை வைத்து, வாத்தின் அலகு போல நாலைந்து தரம் திறந்து மூடுவது. சொன்னதும் தோழிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

கதைக்கு வருவோம். போன ஆடி மாதம் ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் நடமாடும் சேவை நடந்தது. அரச கந்தோர்கள் எல்லாம் ஒரு நாளைக்கு மேசை கதிரையோடு ஊருக்குள் வந்து உட்காரும் திருநாள் அது. சமூகசேவை மேசையில் வலுவிழந்தோருக்குத் தொழில் உதவி பதிகிறார்கள் என்று சுவர்ணா அறிந்தாள். அவளுக்கு வேண்டியது மோட்டார் பூட்டிய தையல் இயந்திரம் ஒன்று. சுன்னாகத்தில் மூன்று துணிக்கடைகள் வருகிற தை மாதத்துக்குப் பள்ளிச் சீருடை தைத்துத் தரக் கேட்டிருந்தன. காலால் மிதிக்கும் பழைய இயந்திரத்தில் அத்தனையும் தைக்க முடியாது. முடியாது என்றால் வேலை வேறு கைக்குப் போய்விடும். இதை எல்லாம் ஒரு கொப்பியில் விளக்கமாக எழுதிக்கொண்டு அவள் புறப்பட்டபோது, படலையடியில் வெள்ளைச் சேட்டு நின்றது.

மேசையில் இருந்தவள் தனுஷா என்கிற இளம் உத்தியோகத்தர். நல்ல பிள்ளை. சுவர்ணாவின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அக்கா, உங்கடை பேர் என்ன?"

செருமல்.

"இதுக்குக் காது கேளாது பிள்ளை. என்னைக் கேளுங்கோ. பேர் சுவர்ணா."

"ஆரோடை இருக்கிறா ஐயா? பாக்கிறதுக்கு ஆரும் இருக்கினமோ?"

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். குகதாசனுக்குப் பின்னால் வாங்குகளில் அரைவாசி ஊர் உட்கார்ந்திருக்கிறது. அத்தனை பேர் காதுபட, எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு ஒருவருமில்லை, அவள் தனியே கிடந்து கஷ்டப்படுகிறாள் என்று ஒரு யாழ்ப்பாணத்து மனிதரால் சொல்ல முடியுமா? தோட்டம் முழுக்க வெள்ளத்தில் போனாலும் "பறவாயில்லை, சமாளிக்கிறம்" என்று சொல்லி வளர்ந்த நாக்கு அது. குகதாசன் சுவர்ணாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"என்ன பிள்ளை உப்பிடிக் கேக்கிறியள்? தமையன் கனடாவிலை. நாங்கள் ஊர் முழுக்க இருக்கிறம். அவவுக்கு ஒரு குறையுமில்லை!"

கனடாத் தமையன் கடைசியாக முகம் காட்டி மூன்று தீபாவளி போய்விட்டது. அதைச் சபையில் சொல்வார்களா?

"அப்ப, மிசின் தேவையில்லையோ?"

"தந்தா வேண்டாமெண்டில்லை. தராட்டிலும் பறவாயில்லை."

சுவர்ணா கொப்பியை விரித்து நீட்டினாள். குகதாசன் அதை அன்போடு மூடி, உள்ளங்கையைக் காட்டினார். பொறு. தனுஷா அந்த மூடிய கொப்பியை ஒரு கணம் பார்த்தாள். பின்னால் இன்னும் எழுபது பேர் நின்றார்கள். ஐயா சொன்னதை எழுதிக்கொண்டாள். வெளியே வந்ததும் குகதாசன் பெருவிரலை உயர்த்தினார். எல்லாம் சரி. சுவர்ணா நம்பினாள். துணிக்கடைக்காரருக்கு 'சீருடைத் துணியை எனக்கு ஒதுக்கி வையுங்கோ' என்று அன்றைக்கே செய்தியும் அனுப்பினாள்.

புரட்டாதியில் பெயர்ப்பட்டியல் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டது. சுவர்ணா போய் வாசித்தாள். அவளுடைய பெயர் இருந்தது, நிராகரிக்கப்பட்டவர்களின் வரிசையில். பக்கத்தில் காரணம்: 'குடும்ப ஆதரவு உண்டு. தேவை இல்லை.' இரண்டு தரம் வாசித்தாள். அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு நேரே குகதாசன் வீட்டுக்குப் போனாள்.

அங்கே தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. இப்போதைய செய்தி வாசிப்பாளர்கள் எல்லாரும் வாய்க்குள்ளே முணுமுணுக்கிறார்கள் என்பது குகதாசனின் நெடுநாள் முறைப்பாடு. அதனால் சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்திருப்பார். காதைப் பரிசோதிக்கச் சொல்லி மனைவி அருந்ததி இரண்டு வருடமாகச் சொல்கிறாள். அதுவும் அவருக்குக் கேட்பதில்லை.

சுவர்ணா படத்தைக் காட்டி, கொப்பியில் எழுதினாள்: 'மாமா, நீங்கள் என்ன சொன்னீங்கள்?'

குகதாசன் வாசித்தார். வழக்கம்போலக் கத்தினார். "உன்ரை மானத்தையெல்லே காப்பாத்தினனான்! அத்தினை சனத்துக்கு முன்னாலை உன்னைப் பிச்சைக்காரி எண்டு சொல்லவோ?"

அவருடைய வாயசைவைப் பார்த்து அவள் விளங்கிக்கொண்டாள். கொப்பியை இழுத்து எழுதினாள்: 'மானம் என்ரை. அதைப் பற்றி நான்தான் சொல்ல வேணும். தை மாத வேலை போகப் போகுது. அடுத்தமுறை நான் தனியப் போறன்.'

அருந்ததி எட்டிப் பார்த்து வாசித்தாள். "பிள்ளை எழுதினதிலை என்ன பிழை? நீங்கள் ஒருக்கா அவளைக் கேட்டனீங்களே?"

கேட்கிறதா? உதவி செய்கிறவர் கேட்டுவிட்டா செய்வார்? குகதாசனுக்கு மனம் நொந்துபோயிற்று. நன்றிகெட்ட காலம் என்று மூன்று நாள் சந்தியடியில் சொல்லித் திரிந்தார்.

அடுத்த நடமாடும் சேவை கார்த்திகையில். தை மாதத்துக்கு முன் அதுதான் கடைசி வாய்ப்பு. விடிய ஏழரைக்கே சுவர்ணா மண்டபத்துக்குப் போய்விட்டாள். இலக்கத் துண்டு வாங்கி ஒலிபெருக்கியில் கூப்பிடும்வரை காத்திருப்பதுதான் அங்கே முறை. கேளாதவர் எத்தனை மணிக்குப் போனாலும் கடைசி ஆள். அவள் தனுஷாவிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். 'எனக்குக் காது கேளாது. வாசிப்பன், எழுதுவன். இலக்கத்தைக் கரும்பலகையிலும் எழுதுங்கோ. என்னோடை எழுதிக் கதையுங்கோ.'

மண்டபத்தில் கரும்பலகை இருந்தது. வெண்கட்டியும் இருந்தது. சுற்றறிக்கை வரவில்லை, ஆலோசனைக் கூட்டம் வைக்கவில்லை, திறப்புவிழா நடக்கவில்லை. தனுஷா எழும்பிப் போய் இலக்கத்தை எழுதினாள், அவ்வளவுதான்.

சுவர்ணாவின் இலக்கம் பலகையில் வந்தது. போய் உட்கார்ந்தாள். கால்மணி நேரம் இருவரும் ஒரே தாளில் மாறி மாறி எழுதினார்கள். தனியே இருப்பதை எழுதினாள். தமையனைப் பற்றி எழுதினாள். துணிக்கடைக்காரரின் செய்திகளைக் காட்டினாள். தனுஷா எல்லாவற்றையும் வாசித்தாள். 'போனமுறை கொப்பியைப் பாக்காமல் விட்டது என்ரை பிழை, அக்கா' என்று எழுதினாள். பிறகு பழைய படிவத்தை எடுத்து, 'தேவை இல்லை' என்பதைச் சிவப்பால் வெட்டிக் கையொப்பமிட்டு, கீழே எழுதிக் காட்டினாள்: 'மார்கழிக்குள்ளை மிசின் வரும்.' சுவர்ணாவுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

அன்றைக்குக் குகதாசனும் அங்கேதான் இருந்தார். இந்தமுறை சொந்த அலுவல்: முதியோர் அடையாள அட்டை. முதியோர் என்கிற சொல்லுக்குப் பயந்து எட்டு வருடமாகத் தள்ளிப்போட்ட அட்டை. காலையில் கரும்பலகையைக் கண்டதும் பக்கத்து ஆளிடம், "உது ஆருக்கு? எல்லாருக்கும் லவுட்ஸ்பீக்கர் கேக்குதுதானே" என்று சிரித்தவரும் அவர்தான். அவருடைய இலக்கம் நாற்பத்துமூன்று. ஒலிபெருக்கி நாற்பத்துமூன்று என்று ஒருதரம் கூப்பிட்டது. இரண்டாம் தரமும் கூப்பிட்டது. குகதாசன் கோவையை மடியில் வைத்துக்கொண்டு, எவ்வளவு மெதுவாக வேலை செய்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டிருந்தார்.

வெளியே போகப் புறப்பட்ட சுவர்ணா பலகையைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த துண்டையும் பார்த்தாள். ஒரு கணம் நின்றாள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவள் அவருடைய தோளைத் தொட்டு, பலகையைக் காட்டி, மேசைவரை கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மேசையில் பிரணவன் என்கிற இளைஞன், படிவத்துக்குள் தலையைப் புதைத்தபடி கேட்டான்.

"ஐயா, பிறந்த திகதி?"

மேலே மின்விசிறி, பின்னால் மண்டபத்து இரைச்சல். குகதாசன் கம்பீரமாகத் தலையாட்டினார்.

"ஓம்."

"பிறந்த திகதியைக் கேட்டனான் ஐயா."

"ஓம், ஓம். அதுதான்."

"விலாசம்?"

குகதாசன் சிரித்தார். சிரித்தால் எந்தக் கேள்விக்கும் ஓரளவு பொருந்தும் என்பதை இந்த இரண்டு வருடத்தில் கண்டுபிடித்திருந்தார்.

பிரணவன் நிமிர்ந்தான். குகதாசனைத் தாண்டி, பின்னால் நின்ற சுவர்ணாவைப் பார்த்துக் கேட்டான். "அக்கா, இவருக்கு என்ன வேணும்?" அவள் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அவன் விளங்கிக்கொண்டு, தாளில் அந்தக் கேள்வியையே எழுதி அவளிடம் நீட்டினான். குகதாசன் தொண்டையைச் செருமினார். சுவர்ணா அவருக்கு முன்னால் உள்ளங்கையை உயர்த்தினாள்.

பொறு.

பிறகு மேசையைச் சுற்றி பிரணவன் பக்கம் போய், குனிந்து எழுதினாள். மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்ற குகதாசன் அதைத் தலைகீழாக வாசித்தார். 'அவரைக் கேளுங்கோ. முகத்தைப் பாத்து ஆறுதலாக் கேளுங்கோ. அவருக்குச் சொல்லத் தெரியும்.'

மூன்றாவது வரியில் அவருக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. ஆடி மாதம் இதே மண்டபத்தில் தான் மூடிவைத்த கொப்பி நினைவுக்கு வந்தது, வெட்கமாக இருந்தது. பிரணவன் பேனாவை வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டான். கேட்டது. முழுவதும் கேட்டது. குகதாசன் திகதியைச் சொன்னார், விலாசத்தைச் சொன்னார், கத்தாமல் சொன்னார். திரும்பிப் பார்த்தபோது சுவர்ணா போய்விட்டிருந்தாள்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அவ்வளவு அவசரம் வேண்டாம். அன்று பின்னேரமே சந்தியடியில், "கரும்பலகை யோசனை நான் சொன்னதுதான்" என்று கதை தொடங்கிவிட்டது. மார்கழியில் இயந்திரம் வந்து இறங்கியபோது வெள்ளைச் சேட்டும் வந்து நின்றது. ஆனால் கொண்டுவந்தவன், "எங்கை வைக்கிறது?" என்று கேட்க, குகதாசன் செருமிவிட்டு, சடாரென்று வாயை மூடிக்கொண்டு, சுவர்ணாவைப் பார்த்தார். அவள் யன்னலோரத்தைக் காட்டினாள். அவர் மனதுக்குள் நினைத்திருந்தது வேறு மூலை.

இனி உங்கள் விடயம். இதை வாசிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த ஒருவர் நினைவுக்கு வந்தார் அல்லவா? அந்தச் சித்தப்பா, அந்தச் சங்கச் செயலாளர், அந்த மூன்றாம் வீட்டு மாமி. 'இது அவரேதான், ஆனால் அவரிடம் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்' என்று முடிவும் கட்டிவிட்டீர்கள். பாருங்கள், அவருக்காகப் பதிலையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். சொல்வதற்கு முன் தொண்டையைச் செருமினீர்களா, இல்லையா? பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் அவரைச் சொல்ல விடுங்கள்.