குதிரைப் பாலத்தில் ஒழுங்கு

எங்கள் பள்ளத்தாக்கின் பழைய பாலம் குதிரைகளுக்காகக் கட்டியது. வேல்ஸில் ரயில் எஞ்சின் வருவதற்கு முன்னால், குதிரைகள் தண்டவாளத்தின் மேல் நிலக்கரி வண்டிகளை இழுத்துப் போன பாலம். தண்டவாளம் போயிற்று, குதிரையும் போயிற்று. நாங்கள் மட்டும் நடந்துகொண்டிருந்தோம். அது குற்றம் என்று இத்தனை காலம் எங்களுக்குத் தெரியாது.

சரியாக ஆடுகள் குட்டி போடும் மார்ச் மாதத்தில், மரபுக் காப்பு அலுவலகத்திலிருந்து புரோதெரோ என்ற அதிகாரி வந்து, வெல்ஷ், ஆங்கிலம் என இரண்டு மொழிகளிலும் பாலத்தில் ஒரு பலகை மாட்டினார். 'மரபின் தூய்மை கருதி, இப்பாலத்தில் வண்டி இழுக்கும் குதிரைகள் மட்டுமே, ஒரு நேரத்தில் ஒன்று வீதம், அனுமதிக்கப்படும்.'

என் இருபத்து மூன்று ஆடுகளும் அக்கரையில். சாலை வழியே சுற்றினால் பதினோரு மைல்.

"சார், இந்த ஊர்ல குதிரையே இல்லியே?"

"அது எங்க பிரிவுல வராதும்மா. உங்ககிட்ட வண்டி இருக்கா?"

"தீவனம் ஏத்துற கைவண்டி இருக்கு."

"யாரு இழுக்கறது?"

"வேற யாரு? நான்தான்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்புறம் என்ன கவலை? குதிரைன்னு பதிஞ்சுடலாம்."

அலுவலகத்தில் என் பல்லை எண்ணினார்கள். உயரம் அளந்தார்கள். 'நிறம்: சாம்பல்' என்று எழுதியதில்தான் எனக்கு வருத்தம், முந்தின வாரம்தான் தலைக்குச் சாயம் பூசியிருந்தேன். ஆடுகளைப் பார்க்க இருபது நாள் பஸ்ஸில் சுற்றிய பிறகு சான்றிதழ் வந்தது.

அதற்குள் தபால்காரர் குதிரையாகிவிட்டார். பாதிரியாரும் ஆனார். பெண்கள் குதிரைக் கண்பட்டை கட்டிக்கொண்டு தேவாலயத்துக்கு வந்தார்கள். தலைநகர் கார்டிஃபில் இப்போது அதுதான் நாகரிகமாம். பக்கத்து வீட்டு இயோர்வெர்த் இரண்டு வண்டிகளைச் சேர்த்து இழுக்க அனுமதி வாங்கியதிலிருந்து என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டான்.

போன வியாழக்கிழமை நான் கைவண்டியோடு பாலத்து வரிசையில் ஒன்பதாவது. எதிர்ச்சரிவில் என் கறுப்புமுக ஆடு படுத்து உதைத்துக்கொண்டிருந்தது. பாதிக் குட்டி வெளியே, பாதி உள்ளே. கால்நடை டாக்டர் அனூரினுக்குப் போன் போட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர், நேராகப் பாலத்தில் ஏறினார்.

"யோவ், வண்டி எங்க?" என்றான் இயோர்வெர்த்.

"நாங்கெல்லாம் இங்க புல்லு மேயவா நிக்கிறோம்?" என்றார் பாதிரியார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நெஸ்டா, நீயாச்சும் சொல்லேன்! உன் ஆடும்மா அது. செத்துப்போயிரும்!"

"தெரியும் டாக்டர், நான்தானே கூப்பிட்டேன்," என்றேன், வண்டியின் கைப்பிடியை விடாமல். "பின்னாடி போய் நில்லுங்க."