கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருந்த யாவ்

காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் திரையின் பச்சைப் பட்டை நாற்பத்தொன்றில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியை கொனாடுவுக்கும் அதே நிலைமைதான்.

இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகளின் பெயரும் படமும் தேர்வு வாரியத்துக்குப் போய்ச் சேரவேண்டும். இன்று வியாழன், மூன்று மணிக்கு அங்கே கதவைச் சாத்திவிடுவார்கள். போய்ச் சேராத பெயருக்கு இந்த வருஷம் பரீட்சை இல்லை, வீட்டில் உட்கார்ந்து கோழி மேய்க்கவேண்டியதுதான். டெச்சிமான் சந்தையில் தக்காளி விற்கும் அம்மாக்கள் பாதிப் பேரிடம், என் கையாலேயே அனுப்புகிறேன், நிம்மதியாக வியாபாரத்தைப் பாருங்கள் என்று கொனாடு வாக்குக் கொடுத்திருந்தாள்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்காரர் ஒபிரி எல்லாவற்றையும் அமைத்து வைத்துவிட்டுத்தான் தமாலேவுக்கு மேல்படிப்புக்குப் போயிருந்தார். பட்டியலை உள்ளே போடு, பச்சைப் பொத்தானை அழுத்து, பட்டை நூறைத் தொடும்வரை காத்திரு. இதில் காத்திரு என்கிற பகுதிதான் கொனாடுவுக்குப் பிறவியிலேயே வராது.

கம்ப்யூட்டர் விசிறி உலைப்பானை கொதிப்பது மாதிரி இரைந்தது. மவுஸை நகர்த்தினால் அம்பு அரை நிமிஷம் யோசித்துவிட்டு வந்தது. கரண்ட் வேறு, எப்போது போகும் என்று யாருக்கும் சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் இல்லை.

கொனாடு குமாசிக்குப் போய் இரண்டு நாள் கம்ப்யூட்டர் பயிற்சி எடுத்தவள். சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. அந்த இரண்டு நாளில் ஒரு விஷயத்தை மட்டும் அவள் நன்றாகப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். கம்ப்யூட்டருக்குள் என்னென்ன வேலை நடக்கிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு பலத்தைத் தின்கிறது என்று காட்டும் பட்டியல் ஒன்று உண்டு. பிடிக்காத வேலையைத் தொட்டு 'கில்' என்று அழுத்தினால் அதன் கதை முடிந்தது.

பட்டியலைத் திறந்தாள். இருமல் மருந்துப் பெயர்கள் மாதிரி முப்பது நாற்பது பெயர்கள். எல்லாம் அரை சதவீதம், கால் சதவீதம் என்று கொறித்துக்கொண்டிருந்தன. உச்சியில் ஒருவன் மட்டும் தொண்ணூற்றிரண்டு சதவீதத்தை அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தான். பெயர், யாவ்.

கொனாடு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். யாவேதான்.

யாவ் போன்சு பக்கத்து அறையில் இருந்தார். புவியியல் வாத்தியார். தேர்வுப் பொறுப்பு தனக்குத்தான் வரப்போகிறது என்று புதுச் சட்டைகூடத் தைத்து வைத்திருந்தவர். அது கொனாடுவுக்குப் போனதிலிருந்து, இரண்டு நாள் படிப்புக்குச் சட்டம் போட்டு மாட்டிய ஒரே மனுஷி என்று ஆசிரியர் அறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்படியா சங்கதி என்று கொனாடு 'கில்'லை அழுத்தினாள்.

விசிறி அடங்கியது. அம்பு முயல் மாதிரி ஓடியது. அந்த ஆனந்தம் நாலு விநாடி நீடித்தது. பிறகு பச்சைப் பட்டை நாற்பத்தொன்றிலிருந்து பூஜ்யத்துக்கு விழுந்து, ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து ஏறத் தொடங்கியது. பட்டியலின் உச்சியில் மறுபடி யாவ்.

போகும்போது உதைத்துவிட்டு வேறு போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாம் தடவை கொன்றாள். இரண்டாம் தடவையும் பட்டையைத் தள்ளிவிட்டுப் போனான். இரண்டாம் தடவையும் எழுந்து வந்தான். கொனாடு எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள்.

யாவ் போன்சு வாழைக்காய் வறுவலைக் கொறித்தபடி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"சார், மரியாதையா வெளிய வந்துருங்க."

"எங்கேர்ந்து மேடம்?"

"என் கம்ப்யூட்டர்லேர்ந்து. தொண்ணூத்திரெண்டு பர்சென்ட் நீங்கதான் உட்கார்ந்திருக்கீங்க. பேரோட காட்டுது."

யாவ் தன் தொப்பையை ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டார். "எடை கொஞ்சம் கூடியிருக்குதான். ஆனா அங்கல்லாம் நான் வரலை மேடம்."

"யாவ்னு எழுதியிருக்கு."

"நம்ம ஊர்ல வியாழக்கிழமை பொறந்த ஆம்பளை எல்லாருமே யாவ்தான். சந்தையில நின்னு யாவ்னு ஒரு குரல் குடுங்க, லாரியை அப்படியே விட்டுட்டு எறங்கி வருவாங்க."

"லாரியிலேர்ந்து எறங்குறவன் எனக்கு எதுக்கு? என் பட்டியல்ல ஏறி உட்கார்ந்திருக்கிறவன்தான் எறங்கணும்."

தன் கம்ப்யூட்டரை எந்தப் பக்கம் திருப்பி வைத்தால் அது வேலை செய்யும் என்பதே தனக்கு இன்னும் பிடிபடவில்லை என்று யாவ் சத்தியம் செய்தார். சந்தேகம் இருந்தால் நீங்களே அணைத்துவிடுங்கள் என்றும் சொன்னார். கொனாடு அணைத்தாள். திரும்பி வந்து பார்த்தால் உள்ளே இருந்த யாவ் தொண்ணூற்றிரண்டிலேயே இருந்தான். மூன்றாம் தடவை கொன்றாள்.

எங்கிருந்து வந்தாலும் கம்பி வழியாகத்தானே வரவேண்டும்? தாழ்வாரத்தில் ஒரு பெட்டி, அதிலிருந்து நாலு கம்பிகள். யாவ் அறைச் சுவர்ப் பக்கம் போன நீலக் கம்பியைப் பிடித்து இழுத்தாள். அது யாவ் அறையைத் தாண்டித் தலைமையாசிரியர் அறை வரைக்கும் போகிற கம்பி. தலைமையாசிரியர் அம்பாடு அப்போது மாவட்டக் கல்வி அதிகாரியோடு திரையில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். நம் பள்ளிக்கூடத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது ஐயா என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அதிகாரி மறைந்துவிட்டார்.

கொனாடு கம்பியைச் செருகிவிட்டு, யாவை நாலாம் தடவை கொன்றுவிட்டு, ஓடிவந்த தலைமையாசிரியரை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னாள். திட்டுவதற்காக வந்தவர் திரையைப் பார்த்ததும் திட்ட மறந்துபோனார். செத்தவன் திரும்பத் திரும்ப எழுந்து வந்தால் எழுப்பிவிடுகிறவன் ஒருவன் இருக்கிறான் என்று அர்த்தம், பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள் என்றாள் கொனாடு. எந்த வேலை எந்த வேலைக்குப் பிறந்தது என்று வம்சாவளி காட்டும் பொத்தானைத் தேடி அழுத்தினாள்.

யாவ் ஒரு கிளையில் தொங்கினான். அவனுக்கு மேலே, தகப்பன் இருக்கவேண்டிய இடத்தில், நானா என்று இருந்தது.

அந்தப் பெயருக்கு ஊரில் தனி மரியாதை. சொந்தத் தாத்தாவும் நானாதான், ஆசனத்தில் அமர்ந்து ஊரை ஆளுகிற தலைவரும் நானாதான். அவர் பக்கம் இடது கையை நீட்டுவதே அபராதம். கொனாடு மெதுவாக 'கில்'லைத் தொட்டதும் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது. நானாவையும் அவர் பிள்ளைகளையும் சேர்த்தே முடித்துவிடலாமா? ஆம், இல்லை.

"சார், நீங்க அழுத்துங்க. பெரியவங்க."

"பெரியவன்ங்கிறதாலதான் வேணாங்குறேன். எங்க மாமா இப்பதான் ஆசனம் ஏறியிருக்காரு. காதுல விழுந்தா என்ன ஆகும்?"

பக்கத்திலேயே 'நிறுத்தி வை' என்று இன்னொரு பொத்தான் இருந்தது. அதுதான் மரியாதை என்று இருவருக்கும் பட்டது. கொஞ்ச நேரம் இளைப்பாறுங்க நானா என்று சொல்லிவிட்டுக் கொனாடு அதை அழுத்தினாள். யாவின் தொண்ணூற்றிரண்டு பூஜ்யமாயிற்று. விசிறி ஓய்ந்தது. தலைமையாசிரியர் மீசையை நீவிக்கொண்டு தன் அறைக்குப் போனார். கொனாடு காலையிலிருந்து ஆறிக்கிடந்த கஞ்சியைக் குடித்தாள்.

அப்போது பட்டை இருபத்துமூன்றில் இருந்தது. நாற்பது நிமிஷம் கழித்தும் இருபத்துமூன்றிலேயே இருந்தது. நானா படுத்தால் வீட்டில் ஒரு துரும்பும் அசையாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நானாவை எழுப்பினாள். அவருக்கு முன்னால் யாவ் எழுந்து உட்கார்ந்தான்.

இதற்குள் ஆசிரியர் அறைக்குச் செய்தி போய்விட்டது. யாவ் போன்சுவை நாலு தடவை கொன்றாயிற்றாம் என்று கேள்விப்பட்டுக் கணக்கு வாத்தியார் அவர் கையைப் பிடித்து ஆழ்ந்த அனுதாபம் சொன்னார். யாவ் பொறுக்கமாட்டாமல் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கொனாடுவின் பக்கத்தில் போட்டார்.

"நகருங்க மேடம். இவனை நானே முடிக்கிறேன். என் பேர் கெட்டுப்போகுது."

ஐந்தாம் தடவை யாவை யாவே கொன்றார். தலை தூக்கட்டும் என்று இருவரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்து, தூக்கினவுடன் ஆறாம் தடவையும் போட்டுத் தள்ளினார்கள். ஒவ்வொரு தடவையும் பட்டை பூஜ்யத்துக்கு விழுந்தது. ஒபிரிக்குப் போன் போட்டால், தமாலேயிலிருந்து பஸ்ஸில் ஏறிவிட்ட மனிதருக்கு சிக்னல் இல்லை. பள்ளிக்கூட வாசலில் வாச்சே என்கிற பயறு கலந்த சோறு விற்கிற பொக்குவா அவருடைய அக்கா; தம்பி கூப்பிட்டால் உடனே சொல் என்று அவளிடம் சொல்லி அனுப்பினார்கள்.

ஒன்றேகாலுக்குக் கொனாடு ஒரு முடிவுக்கு வந்தாள். எழுந்து நின்றாள். தலைவர் முன்னால் நிற்பது போலச் செருப்பைக் கழற்றினாள்.

"நானா, இருநூத்திப் பதினாலு புள்ளைங்க. உங்க பேரப் புள்ளைங்க மாதிரி. தப்பா எடுத்துக்காதீங்க."

'ஆம்' என்று அழுத்தினாள். நானாவும் போனார், ஏழாம் தடவையாக யாவும் போனான். இந்த முறை இருவரும் திரும்பி வரவில்லை. யாவ் போன்சு நெஞ்சில் கைவைத்துத் தான் இருப்பதை உறுதி செய்துகொண்டார். ஆனால் பச்சைப் பட்டையையும் காணோம். பொத்தானை எத்தனை அழுத்தினாலும் அசைவில்லை. பிள்ளைகளின் பெயர்கள் இருந்த இடத்திலேயே நின்றன.

தலைமையாசிரியர் வந்து தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் சொன்னார். அணைத்துப் போடுங்கள்.

அணைத்துப் போட்டார்கள். பட்டை வந்தது, ஒன்று என்று காட்டியது. பட்டியலைத் திறந்தால் நானா ஒன்றும் நடக்காத மாதிரி வீற்றிருந்தார். அவருக்குக் கீழே யாவ், தொண்ணூற்றிரண்டு. மணி ஒன்று முப்பத்தைந்து.

தலைமையாசிரியர் நாற்காலியில் சரிந்து, இருநூற்றுப் பதினான்கு வீட்டுக்கும் என்ன பதில் சொல்வது என்று கேட்டார். தக்காளிக் கூடைகளுக்கு நடுவிலிருந்து தன்னைப் பார்த்துக் கையசைத்த முகங்கள் கொனாடுவின் கண் முன்னால் வந்து போயின. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, மவுஸை யாவ் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"மூணு மணி ஆனாலும் சரி, விடமாட்டேன். இன்னைக்கு ஒண்ணு அவன், இல்ல நான்."

"எட்டு," என்று எண்ணினார் யாவ் போன்சு.

அவள் விரல் இறங்குவதற்குள், ஒரு கையில் கரண்டியும் காதில் போனுமாகப் பொக்குவா வாசற்படியில் வந்து நின்றாள்.

"மேடம், என் தம்பி லைன்ல இருக்கான், வியாழக்கிழமை லிஸ்ட்டைச் சுமந்துக்கிட்டு வாரியத்துக்குப் போறவனுக்குத்தான் யாவ்னு பேர் வச்சானாம், ஒரு மணி நேரம் அவனைச் சும்மா விட்டாப் போதும், கொண்டுபோய்ச் சேர்த்துருவானாம், ஆனா காலையிலேர்ந்து யாவ் செத்துட்டான்னு தம்பி போனுக்கு ஏழு மரண அறிவிப்பு வந்திருக்கு, எந்தப் படுபாவி அவனைத் திரும்பத் திரும்பக் கொல்றதுன்னு கேக்குறான், யாருன்னு சொல்லட்டும்?"