காற்றுக்கட்சிக்காரன்

இல்லவே இல்லை, மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு அவன் வீட்டை விட்டு ஓடவில்லை. கதவு அறைந்ததாம், தட்டு பறந்ததாம்; தெருவுக்கு வாய்தான் உண்டு, கண் ஏது? முதலில் அவன் எந்த இனம் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவன் காற்றுக்கட்சிக்காரன். பெரிய மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் காற்றுதான் குளிர்விக்க வேண்டும், தண்ணீர் கிட்டேயே வரக்கூடாது என்கிற இனம்.

உங்கள் தெருவிலும் ஒருவன் இருப்பான்.

இவனுக்குச் சொந்தப் பட்டறை, சொந்த வண்டி. குடம்போல இரண்டு சிலிண்டர், சுற்றிலும் அடுக்கடுக்காகத் தகடுகள். ஓடும்போது அந்தத் தகடுகளில் காற்றுப் பட்டுச் சூடு இறங்கும். சிவப்பு விளக்கில் நின்றால்? இவனும் இறங்குவான். சட்டைக்குள்ளிருந்து ஓர் அட்டையை உருவி, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு வீசுவதுபோல எஞ்சினுக்கு வீசுவான். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்துபோவார்கள். கட்டிய மனைவிக்கு ஒருநாளாவது வீசியிருப்பானா? அதைக் கேட்காதீர்கள். தொடை வெந்து கொப்புளித்தாலும் இதமாக இருக்கிறது என்பான். தண்ணீரில் குளிரும் எஞ்சினைக் கண்டால், இது வண்டியா குளியலறையா என்பான். வண்டியைப் பழுதுபார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள், சிரித்துவிட்டு அடுத்த தெருப் பட்டறைக்குப் போனார்கள். புதிதாக வருகிற பெரிய வண்டிகளில் பாதிக்கு மேல் தண்ணீர் வண்டிகள் அல்லவா?

மிஞ்சியது பல் டாக்டரம்மா ஒருவர்தான். அவருடைய தண்ணீர் வண்டியில் எஞ்சின் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டரை ஒட்டிய சின்ன விசிறி கடகடத்தது. சரிசெய்யச் சொல்லி விட்டுப்போனார். இவன் விசிறியின் ஒயரையே கழற்றிவிட்டு, ஓடுகிற வண்டிக்கு விசிறி எதற்கு, காற்று தானாக வரும் என்று சொல்லி அனுப்பினான்.

வந்தது, முதல் சிவப்பு விளக்கு வரைக்கும். அங்கே வண்டி உலைபோலக் கொதித்து ஆவி கக்கியது. டாக்டரம்மா நடந்தே திரும்பி வந்தார். திட்டவில்லை.

"உங்க வண்டிக்கு நீங்க அட்டையால வீசுறீங்க. என் வண்டி தனக்குத்தானே வீசிக்குது. அதைப் போய்க் கழட்டிட்டீங்களே."

அவன் சட்டைக்குள் இருந்த அட்டையை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டான்.

பட்டறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி சொன்னாள்: "ஒண்ணு, போய்க் கத்துக்கிட்டு வாங்க. இல்லைன்னா பெரிய பூட்டா ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

கற்றுக்கொள்ளலாம். தெருவுக்குத் தெரிந்தால்? அடுத்த ஊரில் பதினைந்து நாள் பயிற்சி. இரண்டு சட்டையும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு காலையில் வாசலுக்கு வந்தவன், குரலைத் தாழ்த்தினான்.

"யாராவது கேட்டா, உன்கூடச் சண்டை போட்டுட்டு ஓடிட்டேன்னு சொல்லிடு."

"அது மானக்கேடு இல்லையா?"

"தண்ணி வண்டி படிக்கப் போனேங்கிறதுக்கு இது எவ்வளவோ தேவலை."

சொல்லிவிட்டு, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி கதவை அறைந்து சாத்தி நடந்தான். உள்ளே அவள், தன் பங்குக்கு ஒரு தட்டைத் தூக்கித் தரையில் போட்டாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டில் கடைசியாகக் கதவு அறைந்தது எதற்காக என்று யாரும் கேட்கப்போவதில்லை.