பொட்டு சாரின் மாட்டுப் பொங்கல்

ஹைதராபாத்திலேயே லிஃப்டுக்குக் கரும்பு ஊட்டிய ஒரே மனிதர் எங்கள் பொட்டு சார்தான். சனத்நகர் தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டினார். எங்கள் அபார்ட்மென்ட்டில்தான் குடியிருந்தார். என் வயதுதான், பூர்வீகம் மன்னார்குடிப் பக்கம்.

"மாட்டுக்கு இங்க எங்க சார் போறது? எது உழைச்சு நமக்குச் சோறு வருதோ அதான் மாடு" என்பார். மாட்டுப் பொங்கல் காலையில் மஞ்சள் குங்குமத்தோடு கிளம்பினால், மாரெட்பள்ளியில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் நிற்கும் ஸ்கூட்டர், ஆட்டோ எதுவும் தப்பாது. தண்ணீர் லாரி டிரைவர் முதல் வருஷம், "நக்கோ சாப், நக்கோ!" என்று தடுத்து அலறினார். மறு வருஷம் லாரியைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார்.

லிஃப்டுக்கு ஊட்டிய வருஷம், கரும்பு கதவிடுக்கில் சிக்கி அது மதியம்வரை நகரவில்லை. நாலு மாடி ஏறி மூச்சிரைத்த செக்ரட்டரியிடம், "நல்ல நாளும் அதுவுமா அதுவும் ரெஸ்ட் எடுக்கட்டுமே" என்றார்.

என் வீட்டில் அவர் பொட்டு வைப்பது ஆபீஸ் லாப்டாப்புக்கு. அமெரிக்காவில் மார்க்கெட் சரிந்த வருஷம், மார்கழியில், மாதாப்பூர் கம்பெனி லாப்டாப்பை வாங்கிக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மனைவி விஜயாவிடம் சொல்லத் தைரியமில்லை. தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி, ஏதாவது பார்க்கில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவேன்.

மாட்டுப் பொங்கலன்று பொட்டு சார் வந்துவிட்டார். "எங்க சார் நம்ம மாடு?"

"சர்வீசுக்குப் போயிருக்கு."

"லாப்டாப் பைக்காவது பொட்டு வைப்போம்."

நான் தடுப்பதற்குள் விஜயா பையைக் கொண்டுவந்து திறந்துவிட்டாள். உள்ளே கனத்துக்கு நான் அடைத்திருந்த பழைய பேப்பர்கள். நடுவில் கம்பெனிக் கடிதம். நின்றபடியே படித்தாள்.

எனக்குத் தலை நிமிரவில்லை. "உழைக்கிறதுக்குத்தானே சார் பொட்டு? இந்த வருஷம் எங்க வீட்ல வேண்டாம்" என்றேன்.

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "என்ன சார் பேசறீங்க? அறுப்பு முடிஞ்சு, வேலையில்லாம மாடு சும்மா நிக்கிறப்பதான் அதைக் குளிப்பாட்டிப் பொங்கல் ஊட்டறோம். ஏர்ல பூட்டியிருக்கறப்பவா ஊட்டறோம்?"

கிண்ணத்தை விஜயாவிடம் நீட்டினார். அவள் என் நெற்றியில் குங்குமம் வைத்தாள். "இத்தனை நாளா டிபனை எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?" என்று கேட்டபோது அழுதுவிட்டாள். நானும்தான்.

அடுத்த வேலை சித்திரையில்தான் கிடைத்தது. அதுவரை தினமும் படிக்கட்டில் எதிரே வந்த பொட்டு சார், ஒரு நாள்கூட "வேலை கிடைச்சுதா?" என்று கேட்கவில்லை. அதற்காகவே அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.